செவுள்

மூன்றரை மணிக்கு முதுநகர் துறைமுகத்தில்
ஏலக்காரன் வாயைத் திறக்கும் முன்பே
நான் மீனின் செவுளைத் திறந்துவிடுவேன்.
சிவப்பென்றால் நேற்று ராத்திரி.
பழுப்பென்றால் முந்தாநாள்.
வெளுத்திருந்தால்
எத்தனை ஐஸைக் கொட்டி மூடினாலும் செல்லாது.
பதினோரு வருடமாகச் சங்கரா வாங்குகிறேன்,
ஒருநாள் ஏமாந்ததில்லை.

சஸ்மிதாவுக்கு நாலு வயது.
கூடையை இறக்கினால் மீனைப் பார்க்க மாட்டாள்,
ஐஸுக்குத்தான் வருவாள்.
செதிள் ஒட்டிய துண்டைப் பாவாடையில் துடைத்து
நறுக் நறுக்கென்று கடிப்பாள்.
ஐஸ்காரி என்று பேரே வைத்துவிட்டது சிங்காரத்தோப்பு.
நானும் சிரித்தேன்.
ஐஸ் உடைக்கிற ஜோதிலிங்கம்
அவளுக்கென்று ஒரு சில்லு சுத்தமாக எடுத்துக் கொடுத்தனுப்புவான்.
மற்றதெல்லாம் மணலில் ஓட
இவள் சுவரோரம் உட்கார்ந்தே இருப்பாள்.
சமத்து என்றேன்.
ஆமாம், என் வாயால்தான் சொன்னேன்.

பால்வாடி டீச்சர் கிருபாவதி விரட்டி
மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம்.
டாக்டரம்மா என்னைவிடச் சின்னவள்.
சஸ்மியின் கீழிமையைக் கட்டைவிரலால்
மெல்ல இழுத்துப் பார்த்தாள்.
உள்ளே
வெந்த சுறாவின் சதை மாதிரி வெள்ளை.

அந்த விரலை எனக்குத் தெரியும்.
என் விரல்தான் அது.
தினம் இருநூறு மீனைத் திறந்து பார்க்கிற விரல்.
வீட்டில் ஒரு தடவைகூடத் திறக்காத விரல்.

சீட்டில் ஆறு புள்ளி எட்டு.
"பதினொண்ணாவது இருக்கணும்மா.
மண்ணு, பல்பம், பச்சரிசி ஏதாவது திங்கிறாளா?"
இல்லையென்று பெருமையாகத் தலையாட்டினேன்.
"ஐஸ்?"
தலை அப்படியே நின்றது.

"காலையில என்ன சாப்புடுவா?"
டீ. டீயில் முக்கிய வர்க்கி.
"மீனு?"
முள் குத்துமென்று கொடுப்பதில்லை என்றேன்.
அது பாதி உண்மை.
மிஞ்சினால் கருவாடு, கருவாடென்றால் காசு,
இது மீதி. இதைச் சொல்லவில்லை.

ஒரு புட்டி சிரப். துரு வாடை.
"டீயோட குடுக்காதீங்க, பாலோடயும் குடுக்காதீங்க.
எலுமிச்சங்காயோ நெல்லிக்காயோ பிழிஞ்சு குடுங்க.
வெளிக்குக் கறுப்பாப் போவும், பயப்படக் கூடாது.
கைக்கு எட்டாத எடத்துல வைங்க,
தித்திப்புன்னு மொத்தமாக் குடிச்சா உசுருக்கே ஆபத்து.
நம்பர் ஏறிட்டாலும் நிறுத்திடாதீங்க,
அதுக்கப்புறமும் மூணு மாசம்."
பூச்சி மாத்திரை தனியாக ஒன்று.

சாமி படத்துக்கும் மேலே பரணில் ஏற்றினேன்.
ரெண்டாம் நாள் கறுப்பைப் பார்த்து,
சொல்லியிருந்தும், பயந்தேன்.
விசைப்படகில் துரு சுரண்டும் என் வீட்டுக்காரர்
மூடியைத் திறந்து மோந்தார்.
"இதைத்தான தெனம் சுரண்டிக் கொட்டிட்டு வர்றேன்."
யாரும் சிரிக்கவில்லை.

டீயை நிறுத்தியது மருந்தைவிடப் பெரிய பாடு.
தம்ளரை எறிந்தாள். பக்கத்து வீட்டில் போய்க் குடித்தாள்.
பௌர்ணமிப் பாடு நன்றாக இருந்த வாரம்
மூன்று நாள் மருந்தையே மறந்துபோனேன்.
நெத்திலியை நசுக்கிச் சோற்றுக்குள் ஒளித்தேன்,
கண்டுபிடித்துத் துப்பினாள்.
மறுபடி ஒளித்தேன்.

நாலாம் வாரச் சீட்டில் எட்டு புள்ளி ஆறு.
எனக்கு அந்தப் புள்ளிக்கணக்கு பிடிபடவில்லை.

அடுத்த செவ்வாய், கூடையை இறக்கினேன்.
அவள் வரவில்லை.
ஜோதிலிங்கம் கொடுத்தனுப்பிய சில்லு
தட்டில் தண்ணீராகிக்கொண்டிருந்தது.
வாசலில் ரீகனின் அம்மா, இடுப்பில் கை:
"ஒம் மவ எம்புள்ளைய
கடல் வரைக்கும் தொரத்திட்டுப் போயி அடிச்சிருக்கா."
மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.
"எதுவரைக்கும்?" என்றேன்.
"கோச்சுக்காதக்கா, இன்னொரு தடவ சொல்லு.
எதுவரைக்கும்?"